பொல்லாக்கின் முன் நிற்கும் பெண்கள்

மைக் நியூவெல் இயக்கி 2003-ல் வெளிவந்த ‘மோனாலிஸா ஸ்மைல்’ என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜூலியா ராபர்ட்ஸின் சிரிப்பு என்ன விலைக்குப் போகுமோ அந்த விலைக்கு விற்கப்பட்ட சரக்கு என்று ஒரு வரியில் தள்ளிவிடலாம். நம்மில் பலர் அப்படித்தான் தள்ளுவார்கள். எனக்கு அது முடியவில்லை. காரணம் படத்தின் தரம் இல்லை. சிறுபத்திரிகை வட்டம் என்று சொல்லிக்கொள்கிற நாம் சில நூறு பேர் எதை வெகுகாலமாக நம்பி வந்திருக்கிறோமோ, அதையே இந்த வியாபாரப் படமும் நம்புகிறது: நவீன கலையைப் பார்க்கத் தெரிந்துகொண்டவர், அந்தப் பார்வையின் பலத்திலேயே, தன்னைக் கட்டியிருக்கும் மற்ற கட்டுகளிலிருந்தும் விடுபட்டுவிடுகிறார் என்ற நம்பிக்கை. நம்முடைய இந்த நம்பிக்கை ஹாலிவுட்டின் வாயிலிருந்து வரும்போது எப்படி ஒலிக்கிறது என்று நின்று கேட்பதில் லாபம் உண்டு.

கதை எளியது. 1953-ல் காதரீன் வாட்ஸன் என்ற கலை வரலாற்று ஆசிரியை கலிஃபோர்னியாவிலிருந்து மாஸசூஸெட்ஸில் இருக்கும் வெல்லெஸ்லி பெண்கள் கல்லூரிக்கு வருகிறாள். பணக்காரப் பெண்கள் படிக்கும் இடம். படிப்பு முடிவதற்குள் மோதிரம் விரலில் ஏறிவிட வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் குறி. நாகரிகமாக உட்காரவும் பேசவும் விருந்து வைக்கவும் சொல்லிக்கொடுக்க அங்கே தனியாக ஒரு வகுப்பே நடக்கிறது. காதரீன் நவீன ஓவியத்தைக் காட்டுகிறாள், கல்யாணத்துக்கு அப்பாலும் வாழ்க்கை உண்டு என்கிறாள். கல்லூரி முகம் சுளிக்கிறது. ஆண்டு முடிவில், பாடத்திட்டத்தை முன்கூட்டியே காட்டி ஒப்புதல் பெற வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகளோடு மறு நியமனம் தருகிறார்கள். அவள் மறுத்துவிட்டுப் போகிறாள். சைக்கிள்களில் மாணவிகள் அவள் காரைத் துரத்திக்கொண்டு வருகிறார்கள். பீட்டர் வியர் 1989-ல் எடுத்த ‘டெட் பொயட்ஸ் சொஸைட்டி’க்குப் பாவாடை கட்டியது என்று அப்போதே பலர் சொன்னார்கள். சொன்னது சரிதான். ஆனால் அது போதாது.

முதல் வகுப்புக் காட்சி நன்றாக இருக்கிறது. காதரீன் ஸ்லைடைப் போடுகிறாள். அல்டமிரா குகையின் காட்டெருமை. ஒரு பெண் எழுந்து பெயர், இடம், காலம் எல்லாம் சொல்லிவிடுகிறாள். அடுத்த ஸ்லைடுக்கு இன்னொருத்தி. பாடப் புத்தகம் முழுவதையும் அவர்கள் முன்பே படித்து முடித்துவிட்டிருக்கிறார்கள். ஆசிரியைக்கு வேலையில்லை. வாத்தியார் நோட்ஸ் சொல்லச் சொல்லக் கை வலிக்க எழுதி, அதையே பரீட்சையில் திருப்பிக் கக்கிப் பட்டம் வாங்கியவர்கள் நாம். அறியாமை கற்பவர் பக்கம் என்பது நமக்குப் பழகிய ஏற்பாடு. இங்கே கற்பவர்களிடம் இருப்பது அறிவின் முழுமை. உள்ளே எதையும் நுழைய விடாத முழுமை. அடுத்த வகுப்பில் காதரீன் புத்தகத்தில் இல்லாத ஒன்றைப் போடுகிறாள்: 1925-ல் ஸூட்டின் வரைந்த, தோலுரித்துத் தொங்கவிட்ட மாட்டின் உடல். இது நல்ல ஓவியமா என்று கேட்கிறாள். வகுப்பு திகைக்கிறது. இந்தச் சில நிமிஷங்கள் உண்மையானவை. சொல்லித்தர ஆளில்லாமல் ஒரு படத்தின் முன் நிற்பது எவ்வளவு சங்கடமான அனுபவம் என்பதை டைரக்டர் பிடித்திருக்கிறார்.

சங்கடம் தொடங்குவது இதற்கு அப்புறம். இந்தத் திகைப்பை நடத்திக் காட்டுவதற்காக, வெல்லெஸ்லிக்கு 1953 வரை நவீன கலையே தெரியாது என்று படம் வைத்துக்கொள்கிறது. இது பச்சைப் பொய். பின்னால் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநராக வந்த ஆல்ஃப்ரட் பார், அந்தப் பொறுப்பை 1929-ல் இருபத்தேழு வயதில் ஏற்பதற்கு முன் வேலை பார்த்த இடம் வெல்லெஸ்லிதான். 1927-ல் அவர் அங்கே நடத்திய வகுப்பைத்தான் அமெரிக்கக் கல்லூரிகளில் இருபதாம் நூற்றாண்டுக் கலைக்கென்றே நடந்த முதல் வகுப்பு என்று கலை வரலாற்றுக்காரர்கள் சொல்கிறார்கள். அவர் ஓவியத்தோடு நிற்கவில்லை. மாணவிகளை மலிவுவிலைக் கடைகளுக்கு அனுப்பி, நல்ல வடிவமைப்பு உள்ள சாதாரணப் பொருள்களை வாங்கிவரச் சொன்னார். கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு மிட்டாய்த் தொழிற்சாலையின் கட்டிடத்தைக் கலைப்படைப்பாகப் பார்க்கச் சொல்லி அதைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். திரையில் காதரீன் செய்வதைவிடப் பலமடங்கு துணிச்சலான காரியம் அதே வகுப்பறைகளில் கால் நூற்றாண்டுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது.

கதைதானே, சரித்திரத்துக்கு அது பதில் சொல்ல வேண்டுமா என்று ஒருவர் கேட்பார். கற்பனைக் கல்லூரிக்குக் கற்பனைப் பெயர் வைத்திருந்தால் நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். வெல்லெஸ்லி என்று பெயர் சொல்லி, அங்கேயே போய்ப் படமும் பிடித்து, அந்த இடத்தின் கௌரவத்தைக் கடன் வாங்கிக்கொண்டபின் அதன் நினைவை மட்டும் துடைத்துவிடுவது எனக்கு ஒப்பவில்லை. துடைக்கப்பட்டது பார் மட்டும் இல்லை. 1875-ல் மாணவிகளைச் சேர்க்கத் தொடங்கிய அந்தக் கல்லூரிக்கு முதலிலிருந்து தலைவர்களாக இருந்தவர்கள் எல்லோரும் பெண்கள். படம் காட்டும் வருஷத்தில் தலைவராக இருந்த மார்கரெட் கிளாப், தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்று நூலுக்காக 1948-ல் புலிட்ஸர் பரிசு பெற்றவர். படத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பது முகத்தை இறுக்கி வைத்துக்கொண்ட ஒரு பழமைவாதக் கிழவி. (1940களில் நபக்கோவ் ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்ததும் இங்கேதான். அவர் இந்தத் திரைக்கதையைப் படித்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைக்கச் சிரிப்பு வருகிறது.)

ஒரு கலகக்காரி வேண்டும் என்பதற்காக, அவளுக்கு முன்னால் அங்கே இருந்த கலகக்காரிகளை அழிக்க வேண்டியிருக்கிறது. இதுதான் என்னை உறுத்துகிறது. விடா ஸ்கட்டர் என்று ஒரு ஆங்கில இலக்கியப் பேராசிரியை அங்கே இருந்தார். சோஷலிஸ்ட். 1912-ல் லாரன்ஸ் நகரத்து நெசவாலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அங்கே போய் மேடையேறிப் பேசினார். அவரை வெளியேற்ற வேண்டும் என்று கூக்குரல் எழுந்தது. எமிலி க்ரீன் பால்ச் பொருளாதாரம் கற்பித்தார். குடியேறிகளின் வாழ்க்கையையும் தொழிலாளர் பிரச்சினைகளையும் பாடமாக்கினார். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கா இறங்கியதை எதிர்த்தார். 1918-ல் அவருடைய நியமனக் காலம் முடிந்தது. இருபது வருஷத்துக்கு மேல் அங்கே கற்பித்தவரின் வேலையை நிர்வாகக் குழு புதுப்பித்துத் தரவில்லை. ஐம்பதைத் தாண்டிய வயதில், வேலையில்லாமல், ஜெனிவாவுக்குப் போய்ப் பெண்களின் சர்வதேச சமாதான இயக்கத்தில் செயலாளரானார். 1946-ல் சமாதானத்துக்கான நோபெல் பரிசில் பாதி அவருக்குக் கிடைத்தது.

‘பழமைவாதக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட முற்போக்கு ஆசிரியை’ என்பதற்கு வெல்லெஸ்லியிலேயே நிஜமான ஒருவர் இருந்திருக்கிறார். அவரை வெளியே அனுப்ப வைத்தது ஓவியம் அல்ல, யுத்தம். வெல்லெஸ்லியில் எதைச் சொன்னால் வேலை போகும், எதைச் சொன்னால் போகாது என்பதை இந்த இரண்டு பேர் விஷயத்தையும் அருகருகே வைத்தால் தெரிந்துகொள்ளலாம். பார் மலிவுவிலைக் கடைச் சாமானைக் கலை என்றார், அருங்காட்சியகத்துக்கு இயக்குநராகப் போனார். பால்ச் யுத்தம் வேண்டாம் என்றார், வேலை போயிற்று. படம் தன் கதாநாயகிக்குப் பாரின் பாடத்தைக் கொடுத்துவிட்டு, பால்ச்சின் தண்டனையை அதற்குப் பரிசாக ஒட்டவைக்கிறது. 1953 என்பது மக்கார்த்தி தன் உச்சத்தில் இருந்த வருஷம், பேராசிரியர்கள் விசாரணைக் குழுக்களுக்கு முன் நிறுத்தப்பட்ட வருஷம் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பொல்லாக் காட்சிக்கு வருகிறேன். காதரீன் மாணவிகளை ஒரு கிடங்குக்கு அழைத்துப்போகிறாள். மரச்சட்டத்தைப் பிரித்தால் உள்ளே ஜாக்ஸன் பொல்லாக். இதைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டாம், பிடிக்கக்கூட வேண்டாம், பார்த்தால் போதும் என்கிறாள் ஆசிரியை. பெண்கள் அருகே போகிறார்கள், மௌனமாகிறார்கள், காமிரா அவர்கள் முகத்தில் நகர்கிறது. விடுதலை தொடங்கிவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1953-ல் பொல்லாக் கிடங்கில் ஒளிந்திருந்த ரகசியம் இல்லை. 1949-லேயே ‘லைஃப்’ பத்திரிகை, உயிரோடிருக்கும் அமெரிக்க ஓவியர்களில் தலைசிறந்தவர் இவர்தானா என்று கேட்டுப் படங்களோடு கட்டுரை போட்டது. 1951-ல் ‘வோக்’ பத்திரிகைக்காக ஸெஸில் பீட்டன், பொல்லாக்கின் ஓவியங்களுக்கு முன்னால் அழகிகளை விருந்து உடையில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தார். திரையில் வரும் இந்தப் பெண்களின் அம்மாக்கள் படிக்கும் பத்திரிகை ‘வோக்’. அவர்களுக்குப் பொல்லாக் ஒரு பின்திரை. அந்தப் பின்திரைக்கு முன்னால் மகள்கள் நிற்கும் காட்சியைத்தான் நியூவெல் எடுத்திருக்கிறார், உடை மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. பொல்லாக்கின் மனைவி லீ க்ராஸ்னர் ஓவியர். கல்யாணமானபோது அவருடைய பெயர் நியூயார்க் ஓவியர்களுக்குள் நன்றாகத் தெரிந்த பெயர். 1945-ல் லாங் ஐலண்டின் ஸ்ப்ரிங்ஸ் என்ற ஊருக்கு இருவரும் குடிபோனார்கள். வீட்டை ஒட்டியிருந்த தானியக் கொட்டகை பொல்லாக்கின் பட்டறையாயிற்று. தரையில் கித்தானை விரித்து, சுற்றி நடந்து, சாயத்தைச் சொட்டவிட அந்த அகலம் வேண்டியிருந்தது. க்ராஸ்னர் மாடிப் படுக்கையறையில் வரைந்தார். அந்த அறை கொடுத்த அளவில்தான் அவருடைய ஓவியங்களும் சிறுத்தன. 1950களின் தொடக்கத்தில், ஏறக்குறைய இந்தப் படத்தின் கதை நடக்கும் காலத்தில், அவர் தன் சித்திரங்களைத் தானே கிழித்துப்போட்டு, பிறகு அந்தத் துண்டுகளையே ஒட்டிப் புதிய படைப்புகளை உண்டாக்கிக்கொண்டிருந்தார். 1956-ல் பொல்லாக் கார் விபத்தில் இறந்தபின் கொட்டகை அவருக்கு வந்தது. அப்புறம் பெரிய கித்தான்கள் வந்தன.

கல்யாணம் ஒரு பெண்ணை என்ன செய்கிறது என்று கற்பிக்க வந்த ஆசிரியைக்கு, கலை வரலாறு படித்தவளுக்கு, அந்த ஓவியத்தின் முன் நின்று சொல்ல இது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் கொட்டகை யாருக்கு, படுக்கையறை யாருக்கு என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்கும். ‘பார்’ என்ற கட்டளை அப்போதுதான் உண்மையாகியிருக்கும். காதரீன் அந்தக் காலத்தில் இதை அறிந்திருக்க முடியாது என்று சொல்வார்கள். காதரீனைப் பற்றி எனக்கு வழக்கில்லை. 2003-ல் படம் எடுத்தவர்களைப் பற்றித்தான். இதில் ஒரு வேடிக்கை: எட் ஹாரிஸ் 2000-ல் எடுத்த ‘பொல்லாக்’ படத்தில் க்ராஸ்னராக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் மார்ஸியா கே ஹார்டன். அவரேதான் இந்தப் படத்தில் விருந்து மேஜை நாகரிகம் கற்பிக்கும் ஆசிரியையாக வருகிறார். மூன்று வருஷத்துக்கு முன் கொட்டகைக்கும் படுக்கையறைக்கும் நடுவே நடந்தவர், கூப்பிடு தூரத்தில் நிற்கிறார். யாருக்கும் அது உறைக்கவில்லை.

படம் தொட்டுவிட்டு ஓடுகிற இன்னொரு இடம், தாதி அமாண்டாவின் கதை. மாணவிகளுக்குக் கருத்தடைச் சாதனம் கொடுத்ததற்காக அவளை வேலையிலிருந்து நீக்குகிறார்கள். மாஸசூஸெட்ஸில் அன்று அது சட்டப்படி குற்றம். மணமானவர்களுக்கு டாக்டர் மூலம் கொடுக்கலாம் என்று 1966-ல்தான் சட்டம் தளர்ந்தது. மணமாகாதவர்களுக்கு 1972-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரவேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் வாழ்க்கை எந்தத் திசையில் போகும் என்பதை ஸூட்டினைவிட இந்தச் சட்டம் அதிகமாகவே தீர்மானித்தது. ஜூலியட் ஸ்டீவன்ஸன் போன்ற ஒரு நடிகையை இதற்கு வைத்துக்கொண்டு, அரைமணி நேரத்துக்குள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிடுகிறார்கள். படம் ரசனையின் பக்கம் திரும்பிவிடுகிறது. அங்கே யாருக்கும் காயம் படாது.

கல்யாண வெறியைப் படம் இட்டுக்கட்டியதாக நான் சொல்லவரவில்லை. அது இருந்தது. 1955-ல் ஸ்மித் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் அட்லாய் ஸ்டீவன்ஸன், முற்போக்காளர்களின் நம்பிக்கை நட்சத்திரம், மனைவியாகவும் தாயாகவும் இருந்துகொண்டே நாகரிகத்தைக் காப்பாற்றலாம் என்று அந்தப் பெண்களுக்கு உபதேசித்தார். அன்று பட்டம் வாங்கியவர்களில் ஸில்வியா பிளாத் ஒருவர். வெல்லெஸ்லியில் 1959-ல் படித்து முடித்து, பின்னால் வெளியுறவு அமைச்சரான மேடலின் ஆல்ப்ரைட், பட்டம் வாங்கிய மூன்றாம் நாள் கல்யாணம் செய்துகொண்டார். பெட்டி ஃப்ரீடன் 1957-ல் தன்னோடு ஸ்மித்தில் படித்தவர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியதும், அதிலிருந்து 1963-ல் ஒரு புத்தகம் பிறந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஸ்டீவன்ஸன் பழமைவாதி இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யுத்தத்திலிருந்து திரும்பிய ஆண்களுக்கு வேலை, புறநகரில் வீடு, அந்த வீட்டை நடத்த ஆள் என்று ஒரு தேசமே, முற்போக்கும் பிற்போக்கும் சேர்ந்து, செய்த ஏற்பாடு அது. படத்தில் அது ஒரு கல்லூரியின் அசட்டுத்தனமாகவும் பெட்டி என்ற பெண்ணின் அம்மாவுடைய கொடுமையாகவும் சுருங்கிப்போகிறது.

பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்லூரிப் பத்திரிகையில் தாதியையும் ஆசிரியையையும் கிழித்து எழுதும் பெண். கல்யாணம் செய்துகொள்கிறாள், புருஷன் வீட்டுக்கு வருவதில்லை. தோழி ஜிஸெலை வாயில் வந்தபடி ஏசும்போது, ஜிஸெல் பதில் சொல்லாமல் அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள, ஏச்சு அழுகையாக உடைகிற ஒரு காட்சி. கிர்ஸ்டன் டன்ஸ்ட்டும் மாகி ஜில்லென்ஹாலும் அதைச் செய்திருக்கும் விதத்தில் திரைக்கதையின் தயவு எதுவும் இல்லை. அதற்குப்பின் மோனாலிஸாவின் படத்தைக் காட்டி, சிரிக்கிறாள், சந்தோஷமாக இருக்கிறாளா என்று அவள் அம்மாவிடம் கேட்பது தலைப்புக்காகச் செய்த வேலை.

படம் உயிரோடு இருக்கும் இடம் ஜோனின் காட்சி. ஜோன் கெட்டிக்காரி. காதரீனின் தூண்டுதலில் யேல் சட்டக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டு இடமும் வாங்கிவிடுகிறாள். வருங்காலக் கணவனுக்கு ஃபிலடெல்ஃபியாவில் படிப்பு. அப்படியானால் அங்கேயே படிக்கலாமே என்று அந்த ஊர்ச் சட்டக் கல்லூரிகளின் விவரங்களைச் சேகரித்துக்கொண்டு ஆசிரியை வீடு தேடி வருகிறாள். ஜோனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. குடும்பம்தான் எனக்கு வேண்டும், இது நானே தேர்ந்துகொண்டது என்கிறாள் அவள். உருவத்துக்கு அப்பால் பார் என்று வகுப்பில் சொல்கிற நீங்கள், குடும்பப் பெண் என்றதும் உருவத்தோடு நின்றுவிடுகிறீர்கள் என்கிற அர்த்தத்தில் கேட்கிறாள். ஜூலியா ஸ்டைல்ஸ் இதைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். ஜூலியா ராபர்ட்ஸின் முகத்தில் படம் முழுவதிலும் அந்த ஒரு இடத்தில்தான் சிரிப்புக்கு வழி இல்லாமல் போகிறது.

ஜோன் சொல்வது சரியா? எனக்குத் தெளிவான பதில் இருக்கிறது: முழுக்கச் சரியில்லை. அவளுடைய தேர்வு என்பது அவளுக்கு முன்னால் வைக்கப்பட்ட இரண்டு தட்டுகளில் ஒன்றை எடுத்தது. கணவன் முன்னால் ஒரே தட்டில் இரண்டும் இருந்தன. அவனிடம் யாரும் தேர்ந்தெடுக்கச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும் உரிமை காதரீனுக்கு உண்டா என்பது வேறு விஷயம். அவள் ஜோனிடம் கொண்டுவந்தது இன்னொரு அச்சு. ஜோன் கண்டுபிடித்துவிட்டது அதைத்தான். இந்த இடத்தில் ஒரு கலைஞன் நின்று தோண்டியிருப்பான். நியூவெல் காரில் ஏற்றி அனுப்பிவிடுகிறார். கடைசியில், எண் போட்ட கட்டங்களில் சாயம் நிரப்பும் அட்டைப் பெட்டி ஓவியங்களாக வான்கோவின் சூரியகாந்திகளை ஆளுக்கொரு விதமாக வரைந்து மாணவிகள் ஆசிரியைக்குக் கொடுக்கிறார்கள். ஜோன் கேட்ட கேள்விக்கு இது பதிலாம்.

தோண்டியவர் ம்யூரியல் ஸ்பார்க். அவருடைய ‘தி ப்ரைம் ஆஃப் மிஸ் ஜீன் ப்ராடி’ 1961-ல் வந்த சிறிய நாவல். 1930களின் எடின்பரோ, பெண்கள் பள்ளி, பாடப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இத்தாலிய ஓவியத்தையும் தன் காதலையும் பற்றிப் பேசும் ஆசிரியை, அவளை வெறுக்கும் தலைமை ஆசிரியை. எல்லாம் அச்சாக இதே ஏற்பாடு. ஸ்பார்க்குக்கு மட்டும் ப்ராடியின் மேல் மயக்கமும் பயமும் சேர்ந்தே இருக்கின்றன. மரபை உதறியவள் முஸோலினியைப் போற்றுகிறாள். அவளுடைய உற்சாக வார்த்தையைக் கேட்டு ஸ்பெயினுக்குப் போகும் மாணவி, ஃப்ராங்கோவின் பக்கம் போய்ச் சாகிறாள். தன் பெண்களில் யார் யாருடைய காதலியாக வேண்டும் என்பதுவரை ப்ராடி திட்டமிடுகிறாள். கடைசியில் அவளைக் காட்டிக்கொடுப்பது தலைமை ஆசிரியையின் ஒற்று இல்லை, அவளால் மிக நன்றாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஸாண்டி. அந்தப் பார்வையை முதலில் ஆசிரியையின் மேலேயே திருப்பியவள். பிற்பாடு கன்னியாஸ்திரீ ஆகி, தன்னைப் பார்க்க வருபவர்களிடம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். ப்ராடியிடமிருந்து அவளுக்கு விடுதலை கிடைத்ததா என்று ஸ்பார்க் சொல்வதில்லை.

ஜோனுக்கும் ஸாண்டிக்கும் தூரம் அதிகமில்லை. ஃபிலடெல்ஃபியாவில் குடித்தனம் நடத்தும் ஜோன், 1963-ல் முப்பதைத் தாண்டியவள், ஃப்ரீடனின் புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது வெல்லெஸ்லியில் தன் வீட்டுக்கு விண்ணப்பத் தாள்களோடு வந்த அந்த ஆசிரியையின்மேல் அவளுக்கு நன்றி வருமா, கோபம் வருமா என்பதுதான் நான் பார்க்க விரும்பிய படம். அதை யாரும் எடுக்கவில்லை. ஸ்பார்க்கின் நாவலை ரொனால்ட் நீம் 1969-ல் படமாக எடுத்தார், மாகி ஸ்மித்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. நாவல் காலத்தை முன்னும் பின்னும் கலைத்துப்போடுவதை அந்தப் படம் நேராக்கிவிட்டது என்ற குறை எனக்கு உண்டு. ஆனாலும் ‘மோனாலிஸா ஸ்மைல்’ பார்த்தவர்கள் அதையும் தேடிப் பார்க்க வேண்டும், முடிந்தால் நாவலை முதலில் படித்துவிட்டு.